ஆலையின் அடித்தளமும் அடங்காத நீரும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – நிலவியல்)

கட்டடம் என்றதும் நம் கண்முன் நிற்பவை சுவரும் கூரையுமே. மண்ணுக்குள் மறைந்திருந்து அவற்றைத் தாங்கும் அடித்தளத்தை, சுவரில் விரிசல் விழும் நாள்வரை நாம் நினைப்பதே இல்லை. நிலவியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், ஒரு கொத்தனாரின் மகன் என்ற முறையிலும், நீரால் நலிந்த ஓர் அரிசி ஆலையின் அடித்தளம் எவ்வாறு செப்பனிடப்பட்டது என்பதை, அன்று கண்டவாறும் பின்னர்க் கற்றவாறும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

மூன்று பூச்சுகள்

காவிரியின் கடைமடைப் பகுதியில் எங்கள் ஊருக்கு அருகே அந்த ஆலை இருக்கிறது. நெல்லை ஊறவைக்கும் தொட்டிகள், அவிக்கும் இடம், உலர்த்தும் களம், அரைக்கும் கூடம், மூட்டை அடுக்கும் கிடங்கு என்பன அதன் பகுதிகள். கிடங்கின் ஒரு மூலை ஊறல் தொட்டிகளை ஒட்டியிருக்கும். அம்மூலைச் சுவரில் 2017ஆம் ஆண்டு மயிரிழை போன்ற ஒரு விரிசல் தோன்றியது. என் தந்தையார் அதைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் கலவை வைத்துப் பூசினார். மறு ஆண்டும் அதே இடத்தில் விரிசல் கண்டது, மீண்டும் பூசினார். அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே. "வெயிலுக்குச் செவுரு விடுது" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

2020 டிசம்பரில் புரெவிப் புயலின் மழை எங்கள் பகுதியை மூழ்கடித்தது. ஆலையைச் சுற்றி முழங்கால் அளவு நீர் பல நாள் நின்றது. நீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், அந்த விரிசலுக்குள் விரலை விடலாம் போலிருந்தது. சுவரின் தலைப்பகுதி வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருந்தது. பொங்கல் கழிந்ததும் சம்பா நெல் வந்து குவியும் என்பதால் ஆலை முதலாளிக்கு அவசரம்.

"பொங்கலுக்குள்ள பூசி முடிச்சிடுங்க மேஸ்திரி" என்றார்.

அப்பா கரண்டியை எடுக்கவில்லை. "மூணு தடவை பூசிட்டேன் முதலாளி. இந்தத் தடவை பூச மாட்டேன். கோளாறு செவுத்துல இல்ல" என்றார்.

இவ்வாறு சொல்வது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. முன்னர்ப் பூசியவரும் அவர்தானே! முதலாளிக்குக் கோபம் வந்தது. வேறு ஆளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் அப்பாவுக்கு வேலை இல்லை. ஆனால், அந்தச் சுவரின் நிழலில்தான் களத்தில் நெல் கிளறும் பெண்கள் பகல் உணவு உண்பது வழக்கம். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். ஆகவே அப்பாவுக்கு அது வெறும் தொழில் வழக்காக இல்லை.

நல்வாய்ப்பாக, ஒரு வாரம் கழித்து முதலாளியே பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தார். அப்பாவுக்கும் ஆள் அனுப்பினார். கொரோனாவினால் பள்ளி மூடியிருந்த காலம் அது. நானும் உடன் சென்றேன்.

நோய் அறிதல்

பொறியாளர் சுவரைத் தொடுவதற்கு முன் மூட்டைகளைக் கேட்டார். குறுவை நெல் 400 மூட்டை அச்சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தது. மூட்டைக்கு 75 கிலோ என்றால் 30,000 கிலோ. அதாவது 30 டன். "மொதல்ல இந்தப் பாரத்தை எறக்குங்க" என்றார். மூட்டைகள் அப்புறப்படுத்தப்பட்டன. சவுக்கு மரங்களைச் சாய்வாக ஊன்றிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார்கள். சுவருக்கருகே எவரும் உட்காரலாகாது என்று கயிறு கட்டப்பட்டது.

அடுத்து, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரு முனைகளிலும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி வெடித்துவிடும். விலைமதிப்பற்ற செய்தியைச் சொல்லும் இக்கருவிக்குச் செலவு மிகச் சொற்பம்! மூன்றாம் நாளே ஒரு துண்டு வெடித்தது.

விரிசலின் வடிவமும் பேசும். சுவரின் நடுப்பகுதி அமிழ்ந்தால் விரிசல் கீழே அகன்றும் மேலே குறுகியும் இருக்கும். மூலை அமிழ்ந்தால் மேலே அகன்று, கீழே செல்லச் செல்லக் குறுகும். இங்கே செங்கல் வரிகளில் படிக்கட்டுப் போல ஏறிச்சென்ற விரிசல் மேலேதான் அகன்றிருந்தது. ஆக, அமிழ்ந்தது மூலை.

பின்னர் மூலையை ஒட்டிக் குழி தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில் அஸ்திவாரத்தின் அடி தெரிந்தது. அங்கிருந்த களிமண் பிசைந்த மாவாக இருந்தது. ஓரிடத்தில் அப்பாவின் கை அஸ்திவாரத்துக்கு அடியில் முழங்கை வரை சென்றது. கீழே மண்ணே இல்லை. குழியில் நீர் ஊறியது. வெள்ளம் விட்டுச்சென்ற நீர் என்றே யாவரும் எண்ணினோம். எட்டிப் பார்த்த என் அம்மா மட்டும், "இது மழைத் தண்ணி இல்லீங்க, ஊறல் தண்ணி. வாடை தெரியலையா?" என்றார்.

நெல் ஊறிய நீருக்கு ஒரு புளித்த வாடை உண்டு. பொறியாளர் உடனே தொட்டியின் கழிவுநீர்க் கால்வாயில் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். மறுநாள் குழியில் ஊறிய நீரில் அந்தச் சாயம் இருந்தது. தொட்டியையும் கால்வாயையும் இணைக்கும் இடம் உடைந்து, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நீர் அடித்தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. புயல் கடைசி அடியை மட்டுமே கொடுத்தது.

நீர் மண்ணை எவ்வாறு நலிவிக்கிறது?

நீரின் தீங்கு ஒரே வகையினதன்று. அதனை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வலுக்குறைவு. மண் என்பது துகள்களும் அவற்றின் இடைவெளிகளும் சேர்ந்தது. துகளோடு துகள் அழுந்தி நிற்பதால்தான் மண்ணுக்குத் தாங்கும் வலு உண்டாகிறது. இடைவெளிகளில் நிறைந்த நீரின் அழுத்தம் உயர்ந்தால், பாரத்தின் ஒரு பகுதியை நீர் ஏற்கிறது. துகள்களின் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. இக்கருத்தைத் தெளிவுற வகுத்து மண் இயக்கவியல் என்னும் துறைக்கு அடிகோலியவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது, அரிப்பு. ஓடும் நீர் நுண்துகள்களைச் சுமந்து செல்கிறது. வெள்ளம் வடியும்போது மண்ணுக்குள் உள்ள நீரும் பள்ளம் நோக்கி ஓடும். அப்போது அடித்தளத்தின்கீழ்ப் பொந்து உண்டாகிறது. அப்பாவின் கை நுழைந்த இடம் அத்தகையது.

மூன்றாவது, உப்புதலும் சுருங்குதலும். சிலவகைக் களிமண், குறிப்பாக மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்தது, நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நம் வயல்கள் பாளம் பாளமாக வெடிப்பது இதனால்தான். கல்லூரிக்கு வந்தபின் அந்தக் குழியின் மண்ணைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் சோதித்தேன். சோதனை எளிது. சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் இரு அளவுக் குழல்களில் இடவேண்டும். ஒன்றில் வாலை வடிநீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. இரு குழல்களிலும் மண் நிற்கும் அளவுகளின் வேறுபாட்டை, மண்ணெண்ணெய்க் குழலின் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் உப்புதல் விழுக்காடு கிடைக்கும். அது 50ஐத் தாண்டினால் மிகுதியாக உப்பும் மண் என்பர். எங்கள் மண் அந்த எல்லையைத் தாண்டியே நின்றது. வெயிலுக்குச் சுவர் விடுகிறது என்ற பேச்சில் பாதி உண்மை இருந்ததை அன்று உணர்ந்தேன். விட்டது சுவரன்று, மண்!

கனடா நாட்டில் ஒரு களஞ்சியம்

மண் கைவிட்டால் கட்டடத்தின் வலுவால் பயனில்லை என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. கனடாவில் வின்னிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனா என்னுமிடத்தில் பத்து லட்சம் புஷல் தானியம் கொள்ளும் கான்கிரீட் களஞ்சியம் ஒன்றைக் கட்டினார்கள். 1913ஆம் ஆண்டு, ஏறத்தாழ 8,75,000 புஷல் நிரம்பியிருந்த நிலையில், அக்டோபர் 18ஆம் நாள் அது அமிழத் தொடங்கியது. ஒரு மணி நேரத்தில் ஓர் அடி இறங்கிற்று. ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து நின்றது. வியப்பு என்னவெனில், களஞ்சியம் உடையவில்லை. ஈரம் செறிந்த மென்களிமண்தான் பாரம் தாங்காமல் ஒதுங்கிவிட்டது. தானியத்தை வெளியேற்றி, அடியில் பாறை வரை தூண்களை இறக்கி, ஜாக்கிகளால் சிறிது சிறிதாகத் தூக்கி அதை மறுபடி நிமிர்த்தினார்கள். அங்கும் முதல் வேலை பாரத்தை இறக்கியதே என்பதை நோக்குக.

செப்பனிட்ட முறை

எங்கள் ஆலையில் நடந்த வேலையின் வரிசை வருமாறு: முதலில் நீர், பிறகு மண், அதன்பின் அடித்தளம், கடைசியில் சுவர். மூன்றாண்டுகள் நாங்கள் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தோம்!

உடைந்த இணைப்பு புதிதாகக் கட்டப்பட்டது. தொட்டியின் உட்புறம் நீர் கசியாதவாறு பூசப்பட்டது. கழிவுநீர்க் கால்வாய் சுவரை விட்டு விலகிச் செல்லுமாறு திருப்பப்பட்டது. குழியில் ஊறிய நீரை மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது பொறியாளர் தடுத்தார். வேகமாக இறைத்தால் நீரோடு நுண்மண்ணும் வந்து, நன்றாக இருக்கும் பகுதியிலும் பொந்து விழும். வாளியால் சிறுகச் சிறுக மொண்டே ஊற்றினார்கள். களிமண்ணிலிருந்து நீர் மெல்லத்தான் வெளியேறும். ஆகவே சில வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

பிறகு அடித்தளத்தைக் கீழிறக்கிக் கட்டும் வேலை. நலிந்த சுவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள 9 பகுதிகளாகப் பிரித்துச் சுண்ணாம்பால் எண் இட்டார்கள். முதலில் 1, 4, 7 ஆகிய பகுதிகளின் கீழ் மட்டும் தோண்டி, கெட்டியான மண் வரை சென்று, கான்கிரீட் இட்டார்கள். அது இறுகியபின் 2, 5, 8. அதன்பின் 3, 6, 9. அடுத்தடுத்த இரு பகுதிகளை ஒருசேரத் தோண்டலாகாது. தோண்டினால் சுவர் அந்தரத்தில் நிற்கும். புதிய கான்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தோடு ஒட்டவிடாமல் மூன்று அங்குல இடைவெளி விட்டார்கள். காரணம், கான்கிரீட் இறுகும்போது சற்றே சுருங்கும். ஒருநாள் கழித்து, ஈரம் குறைந்த சிமெண்ட் கலவையை அந்த இடைவெளியில் இறுக இடித்து அடைத்தார்கள். அவ்வாறு அடைத்தால்தான் சுவரின் பாரம் புதிய அடித்தளத்துக்கு முழுமையாக இறங்கும்.

தோண்டிய இடங்களை அதே களிமண்ணால் நிரப்பவில்லை. உப்பாத கிராவலைப் படலம் படலமாகக் கொட்டித் திமிசு போட்டார்கள். சுவரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரிந்த சிமெண்ட் தளம் அமைத்தார்கள். இதனால் மழைநீர் அடித்தளத்தருகே இறங்குவது குறைந்து, மண்ணின் ஈரமும் ஒரே சீராக இருக்கும்.

இத்தகைய மண்ணில் புதிதாகக் கட்டுவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்குவதே அது. ஈரம் ஆண்டு முழுவதும் மாறாத ஆழத்தில், கரிசலில் ஏறத்தாழ 3.5 மீட்டருக்குக் கீழே, அக்குமிழ் ஊன்றி நிற்கும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டு மண்ணுக்கேற்ப இம்முறையை வளர்த்துப் பரப்பியது.

புதிதாக ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பல வாரங்கள் வெடிக்காமல் இருந்ததைக் கண்டபிறகே விரிசலில் கை வைத்தார்கள். செங்கல் வரிகளின் இடையே கம்பிகளைக் குறுக்காகப் பதித்து, கலவையால் அடைத்தார்கள். எல்லாவற்றுக்கும் இறுதியில் அப்பா பூசினார். அது நான்காம் பூச்சு.

முடிவுரை

இவ்வேலை இழப்பின்றி முடிந்தது என்று சொல்வதற்கில்லை. அந்தச் சம்பாப் பருவத்தில் கிடங்கைப் பயன்படுத்த முடியவில்லை. ஆலை பாதி அளவே ஓடியது. என் அம்மா உள்ளிட்ட பெண்களுக்குப் பாதி நாள்கூட வேலை கிடைக்கவில்லை. முதலாளியின் முணுமுணுப்பும் நெடுநாள் ஓயவில்லை. 2017இல் கால்வாயின் உடைந்த இணைப்பை ஒருவர் கவனித்திருந்தால் அரை மூட்டைச் சிமெண்டில் முடிந்திருக்கும் வேலை அது. கொத்தனாரும் கேட்கவில்லை; முதலாளியும் கேட்கவில்லை; வாடையை அறிந்த பெண்களை எவரும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் எல்லாரும் பொறியாளர் ஆகப்போவதில்லை. ஆயினும், ஒரு விரிசலைக் கண்டால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுவது எவராலும் இயலும். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், அருகில் நீர் எங்கே இறங்குகிறது என்று தேடுங்கள். என் தந்தையார் இப்போது தூக்குக்குண்டோடு ஒரு பென்சிலையும் பையில் வைத்திருக்கிறார். எவரேனும் பூச அழைத்தால் முதலில் தேதி எழுதிவிட்டு வருகிறார். ஒரு மாதம் கழித்துத்தான் கலவை குழைக்கிறார். இதனால் சில வேலைகள் அவர் கையைவிட்டுப் போவதும் உண்டு.