எரிநட்சத்திரமும் புக்கிட் பூனோவும்

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்குப் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். இருட்டில் பிரட்டுக்களத்திற்கு நடக்கும்போது, வானத்தில் ஓர் ஒளிக்கோடு சட்டென்று தோன்றி மறைவதை அவர்களில் பலர் கண்டிருப்பார்கள். “எரிநட்சத்திரம் விழுது, பச்சை மரத்தைப் பாரு” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதைக் கண்டால் ஆகாது, பசுமையைப் பார்த்தால் தோஷம் நீங்கும் என்பது நம்பிக்கை. தோட்டத்தில் பச்சை மரத்துக்கா பஞ்சம்!

உண்மையில் விழுவது நட்சத்திரம் அன்று. சூரியனைச் சுற்றிவரும் சிறு கல்லோ தூசியோ பூமியின் காற்று மண்டலத்தில் நுழையும்போது உண்டாகும் ஒளியே அது. இவற்றுள் பெரும்பாலானவை மணல் துகள் அளவே இருக்கும். ஆனால், வேகமோ நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் செல்ல இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். மிக வேகமான துகள் அத்தொலைவை மூன்றே நொடியில் கடந்துவிடும். அவ்வளவு வேகத்தில் பாயும்போது, முன்னால் உள்ள காற்று அழுத்தப்பட்டுக் கடுமையாகச் சூடேறுகிறது. துகள் ஆவியாகி ஒளிர்கிறது. இது நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது.

இத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன? வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போது அதிலுள்ள பனி ஆவியாகிறது. பனியோடு கலந்திருந்த தூசி அதன் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கிறது. பூமி ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாள்களில் அப்பாதையைக் கடப்பதால் ‘எரிகல் மழை’ பொழிகிறது. ஆகஸ்டு 12, 13ஆம் நாள்களில் உச்சமடையும் பெர்சீட் மழை, சுவிஃப்ட்-டட்டில் என்னும் வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசியால் உண்டாவது. டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட் மழைக்குக் காரணம் ஃபேத்தோன் என்னும் குறுங்கோள். அம்மாதம் பேராக்கில் மேகம் வழிவிட்டால்தான் அதைக் காண முடியும்.

பால்வெட்டுத் தொழிலாளர்கள் இவற்றைக் காண வாய்ப்புப் பெற்றதற்கும் காரணம் உண்டு. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு முதுகைவிட மார்பே அதிகம் நனையும். அதுபோல, சூரியனைச் சுற்றி ஓடும் பூமியின் முன்பக்கத்தில்தான் துகள்கள் மிகுதியாக மோதுகின்றன. நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை நாம் அந்த முன்பக்கத்தில் இருக்கிறோம்.

சிறு துகள்கள் வானிலேயே தீர்ந்துவிடும். பெரிய கற்கள் அப்படி அல்ல. அத்தகைய ஒன்று பேராக்கிலேயே விழுந்திருக்கிறது. கோலகங்சாருக்கு வடக்கே, லெங்கோங் பள்ளத்தாக்கில் புக்கிட் பூனோ என்னும் இடம் உள்ளது. மலாயில் ‘பூனோ’ என்றால் கொல்லுதல்; ஆனால், இப்பெயர் விண்கல் விழுந்து பல இலட்சம் ஆண்டுகளுக்குப் பின் மனிதர் இட்டது. அங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூவைட் என்னும் பாறையைக் கண்டறிந்தனர். விண்கல் மோதிய அழுத்தத்திலும் வெப்பத்திலும் நொறுங்கி, உருகி, மீண்டும் இறுகிய பாறை அது. விண்கல் மோதிய காலம் ஏறத்தாழ 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என அவர்கள் கணித்தனர்.

இன்று அங்கே போனால் பெரும்பள்ளம் எதுவும் கண்ணில் படாது. மழையும் ஆறும் அதை அரித்தும் நிரப்பியும் விட்டன. நிலத்தடியை அளக்கும் கருவிகளைக் கொண்டே அதன் வடிவத்தை ஆராய்கிறார்கள்.

அப்பாறைக்குள் கல்லால் செய்த கைக்கோடரி ஒன்றும் பதிந்திருந்தது. அப்படியானால், விண்கல் விழும் முன்பே அங்கு மனித மூதாதையர் வாழ்ந்தனரா? ஆம் என்கின்றனர் அதைக் கண்டெடுத்தவர்கள். இக்காலக் கணக்கை ஏற்க மேலும் சான்று வேண்டும் என்பாரும் உண்டு. 2012இல் யுனெஸ்கோ லெங்கோங் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. கோடரியின் வயது குறித்த விவாதம் அதன் பின்னும் நிற்கவில்லை.