நம்பிக்கைகளும் உண்மைகளும்: கவாத்து செய்தால் பூக்காதா?

பூக்கிற செடியில் கத்தி படக்கூடாது என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. அதனால்தான் வாசலில் வைத்த மல்லிகை மாடிக் கைப்பிடியைத் தொட்டும், தலையில் வைக்க ஒரு முழம் பூத் தருவதில்லை.

கீரமங்கலம், வடகாடு பக்கம் பூ விற்றுப் பிழைக்கும் விவசாயிகள் வேறு மாதிரி. ஆண்டுதோறும் செடியை மொட்டையாக்கி விடுவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதைத்தான் சொல்கிறது: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். முல்லைக்கு ஜனவரி கடைசியில் 45 செ.மீ. மல்லிகை பூப்பது புதுக்கிளையில். பழைய கிளை ஏறிக்கொண்டே போனால் இலைதான் மிஞ்சும்.

‘மேலே மட்டம் தட்டினால் செடி அடங்கிவிடும்’ என்பது அடுத்த நம்பிக்கை. பலரும் ஏமாறுவது இதில்தான். அப்படித் தட்டி வளர்த்த ஒரு இட்லிப்பூச் செடியை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். வெளியே ஒரு சாண் அளவுக்கு அடர்ந்த பச்சை. உள்ளே இலையே இல்லாத வெறும் குச்சிகள். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். நுனியைக் கிள்ளியதும் வெட்டுக்கு நேர் கீழே இரண்டு மூன்று மொட்டுகள் சேர்ந்து கிளம்பும். ஒன்று போய் மூன்று வந்தால் செடி எப்படி அடங்கும்? வெயிலும் உள்ளே இறங்காது.

செய்ய வேண்டியது, முதிர்ந்து தடித்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுப்பது. மீதியை அடுத்த இரண்டு ஆண்டுகளில் எடுக்கலாம். அடியிலிருந்து புதுத்தண்டு வர வர, செடி உயரம் குறைந்து நிற்கும். செம்பருத்திக்கும் இது பொருந்தும். சித்திரை வெயிலில் மட்டும் பெரிய வெட்டு வேண்டாம். நிழலிலேயே இருந்த தண்டு திடீரென வெயில் பட்டால் பட்டை வெந்துவிடும்.

‘நர்சரியில் குட்டை ரகம் என்றார்களே?’ தொட்டியில் வேர் முடங்கிக் கிடக்கும்வரை காகிதப்பூவும் குட்டைதான். தரையில் வைத்தால் கூரை ஏறும். வாங்கும்போதே முழு வளர்ச்சியில் எவ்வளவு அகலம் வரும் என்று கேட்டு, அதில் பாதி தூரமாவது சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

கோனோகார்பஸை மட்டும் வெட்டி வெட்டி வேலியாகவே வைத்திருக்கலாம் என்பவர்களிடம் நான் ஒத்துப்போக மாட்டேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அங்கே சாலையோரம் அழகாகக் கத்தரித்து நிற்கிற அதே செடியைப் பார்த்திருப்பார்கள். பிறப்பிடம் சோமாலியா, ஏமன் பக்கம். விட்டால் 15 மீட்டரைத் தாண்டுகிற மரம். கத்தரி மேலே இருப்பதைத்தான் வெட்டும். ஈரம் தேடிப் போகும் வேர் தண்ணீர்க் குழாய்க்குள் புகும். 2023இல் குஜராத்தும் 2025இல் தமிழ்நாடும் இதை நடத் தடை விதித்தன. வீட்டில் இருந்தால் வேரோடு எடுத்துவிட்டு மருதாணியோ நந்தியாவட்டையோ வையுங்கள்.

அரளி வெட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. கிளைகளை ஆடு மாடு மேயும் இடத்தில் போடாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.