ரோபோ வந்தால் டீச்சர் எதற்கு?

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். வகுப்புக்கு ரோபோ வந்துவிட்டால் எங்களுக்கு வேலை இருக்குமா?
– ஒரு பயிற்சி மாணவி, திருச்சுழி

பதில்: இருக்கும். 2024-இல் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் 'ஐரிஸ்' என்ற ரோபோ சேலை கட்டி, சக்கரத்தில் நகர்ந்து வந்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னது. சொல்லட்டும். காட்டில் மிளகாய்ப்பழம் எடுத்துவிட்டு வந்த பிள்ளை, எரியும் விரலை ஊதிக்கொண்டே பென்சில் பிடிப்பதை நீங்கள்தான் கவனிப்பீர்கள்.

எனக்குப் பிடித்த ரோபோ வேறு. 1970-களில் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற ஆய்வாளரின் குழு, தரையில் ஊரும் 'ஆமை'யைப் பிள்ளைகளிடம் கொடுத்தது. "முன்னே போ, 90 பாகை திரும்பு" என்று கட்டளையிட்டு அவர்களே சதுரம் வரைந்தார்கள். அங்கே ரோபோதான் மாணவன், பிள்ளைதான் வாத்தியார்! கருவி கிடைக்காவிட்டால், ஒரு பிள்ளையையே ஆமையாக்கி, மற்றவர்களைக் கட்டளையிடச் சொல்லுங்கள். சாக்பீஸும் சிமெண்ட் தரையும் போதும்.