உருவொத்த சொற்கள்

இருவேறு மொழிகளில் ஒரே எழுத்துக்களால் அமைந்த ஒரு சொல்லைக் காணுமிடத்து, அதன் பொருளும் ஒன்றே, பிறப்பும் ஒன்றே எனத் துணிந்துவிடுதல் கற்றாரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். உருவம் கண்முன் நிற்பது. பொருளோ பேசுவோர் வழக்கத்தில் மறைந்து கிடப்பது. பிறப்போ பல நூற்றாண்டுகள் பின்னே சென்று தேடற்பாலது. ஆதலின் எளிதிற் கிடைத்த உருவத்தைக் கொண்டே ஏனையிரண்டையும் முடிவுகட்டுகின்றோம். அம்முடிவு எவ்வெவ்விடங்களிற் பிழைபடும் என்பதனைச் சில சொற்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஒரே விடுதியில் உடனுறையும் கல்லூரிகளில் இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று.

முதற்கண் நம் வீட்டிலேயே தொடங்குவோம். வடமொழியில் ககரம் முதலிய வருக்கங்கள் ஒவ்வொன்றிலும் மெல்லெழுத்து நீங்கலாக நந்நான்கு எழுத்துக்கள் உண்டு. தமிழில் அந்நான்கிற்கும் ஓரெழுத்தே உண்டு. ஆகவே வடசொற்கள் தமிழெழுத்துப் பூண்டு வருங்கால், தம்முள் யாதோர் உறவுமில்லாத சொற்கள் ஓருருவம் பெற்றுவிடுகின்றன. பாபம் என்பது இடையெழுத்துத் திரிந்து பாவம் என நின்றது. மனக்குறிப்பை உணர்த்தும் மற்றொரு வடசொல்லும் பாவம் என்றே நின்றது. முன்னதன் முதலெழுத்துப் பகர வருக்கத்தின் முதலாவது. பின்னதன் முதலெழுத்து அவ்வருக்கத்தின் நான்காவது. வடமொழியில் இவ்விரண்டனையும் மயங்குவார் இலர். தமிழிலோ, நாட்டியம் ஆடுவோர் முகத்திற் காட்டும் பாவமும், பரமபிதாவினிடத்து நாம் மன்னிப்பு வேண்டும் பாவமும் ஏட்டில் ஒன்றே. கதை என்பதும் அத்தகையதே. சொல்லப்படுவதும் கதை, வீமன் தோளிற் சுமந்ததும் கதை. 'வீமன் கதை' என்று தனியே எழுதிவைத்தால், அவன் வரலாறோ அவன் படைக்கலமோ என்பதனை எழுதினவரைக் கேட்டே அறிதல் வேண்டும். பங்கு என்னும் பொருளுடைய பாகமும், நளபாகம் என்பதிலுள்ள சமையற் பொருளுடைய பாகமும் வேறு வேறு சொற்கள். குறும்புச் செயலாகிய சேட்டையும், மூதேவிக்குப் பெயராகிய சேட்டையும் அவ்வாறே. மலையாளமும் தெலுங்கும் வருக்கவெழுத்துக்களைத் தம் நெடுங்கணக்கிற் கொண்டமையால், இம்மயக்கத்திற் பெரும்பகுதி ஆண்டு இல்லை.

இவற்றை 'ஒரு சொல், பல பொருள்' என்று கூறுதல் பொருந்தாது. பல சொற்கள் ஓருடை உடுத்து நிற்கின்றன என்பதே உண்மை. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டுவோர், ஒரே தலைச்சொல் எண்ணிட்டுப் பன்முறை வருதலைக் காண்பர். அவ்வெண்களை அச்சுக்குறியென்று கருதி விரைந்து கடந்து செல்லும் மாணாக்கர், அகராதியின் பயனிற் பாதியை இழக்கின்றனர் என்பது எம் கருத்து.

இனி, பிறப்பு ஒன்றாயிருந்தும் பொருள் வேறுபட்ட சொற்களைப் பார்ப்போம். 'அவசரம்' என்பதற்கு வடமொழியில் ஏற்ற காலம், வாய்ப்பு என்பன பொருள். மலையாளம் அப்பொருளையே போற்றி வைத்துள்ளது. தெலுங்கில் அஃது இன்றியமையாத் தேவையைக் குறிக்கும். தமிழிலோ விரைவு. வாய்ப்புக் கைநழுவுங்கால் விரைவு வேண்டப்படும், உற்ற காலத்தில் ஒன்று தேவைப்படும் என்று நினைந்தால், இம்மூன்று பொருளும் ஓரடியினின்று கிளைத்த வழி ஒருவாறு புலப்படும். எனினும் வழி புலப்படுதலாற் பயன் சிறிதே. 'உனக்கு அவசரம் தருகின்றேன்' என்று மலையாளத் தோழன் கூறுவானாயின், தமிழ் மாணவன் தன்னை அவன் முடுக்குகின்றான் என்றன்றோ எண்ணுவான்? 'சம்சாரம்' இதனினும் வேடிக்கையுடையது. வடமொழியில் அது பிறவிச் சுழல், இந்தியில் உலகம், தெலுங்கிற் குடும்பம், தமிழிற் குடும்பமும் மனைவியும், மலையாளத்திற் பேச்சு. 'என் சம்சாரம் சற்று மிகுதி' என மலையாளி ஒருவர் தம் நாவன்மையைக் குறித்துக் கூறினால், நம்மவர் கேட்டுக் கொள்ளும் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 'உபன்யாசம்' தமிழிற் சமயச் சொற்பொழிவு, தெலுங்கிலும் கன்னடத்திலும் பொதுவாகச் சொற்பொழிவு, மலையாளத்திற் கட்டுரை, இந்தியிலும் வங்காளத்திலும் நாவல்.

இவ்வகையில் நம்மனோர் ஊன்றி நோக்கற்பாலதாக யாம் கருதுவது 'சிட்சை' என்னும் சொல். சிக்ஷா என்னும் வடசொல் 'வல்லனாதல்' என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்து, வல்லனாக விரும்புதல், அதனாற் கற்றல், கற்பித்தல் என்று விரிந்தது. வேதாங்கங்கள் ஆறனுள் எழுத்தொலியைக் கற்பிப்பதற்கு அதுவே பெயர். இந்தியில் இன்றும் கல்விக்கு அதுவே சொல். 2020-ஆம் ஆண்டில் மைய அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கல்வி அமைச்சகமெனப் பெயர் மாறியபோது, அதன் இந்திப் பெயர் இச்சொல்லைக் கொண்டே அமைந்தது. ஆனால் மராத்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் அதே சொல் தண்டனையை உணர்த்தும். தமிழிற் சிட்சையும் அதுவே. வடக்கே பள்ளிக்கூடத்தைக் காட்டும் சொல் தெற்கே பிரம்பைக் காட்டுகின்றது. பண்டைத் திண்ணைப் பள்ளிகளை அறிந்தோர் இவ்விரண்டிற்கும் இடைவெளி பெரிதன்று என நகைக்கவுங் கூடும்.

நகைப்பு ஒருபுறமிருக்க, நம் வேதபுத்தகத்தில் எபிரெயர் நிருபம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகின்றது. ஆண்டுக் கிரேக்க மூலத்தில் நிற்பது 'பைதெயா' என்னும் சொல். குழந்தையைக் குறிக்கும் 'பைஸ்' என்பதன் வழிவந்த அது, கிரேக்கரிடத்துக் குழந்தை வளர்ப்பையும் கல்விப் பயிற்சி முழுவதையும் குறித்து வழங்கியது. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்திற் பெயர்த்தோர், கண்டித்துத் திருத்துதல் என்னும் பொருளுடைய 'மூசார்' என்பதற்கு நேராக அதனை வைத்தனர். அன்றுதொட்டு அச்சொல்லிற் பிரம்பின் நிழலும் படிந்தது. லூக்கா எழுதிய இரண்டு நூல்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். கமாலியேலின் பாதத்தருகே பவுல் பயிற்றப்பட்டதைக் கூறும் வினையும், இயேசுவைத் தண்டித்து விட்டுவிடுவேன் எனப் பிலாத்து கூறும் வினையும் கிரேக்கத்தில் ஒன்றே. தமிழில் அவ்விரண்டிடங்களிலும் வெவ்வேறு சொற்களே நிற்கின்றன, நிற்றல்தான் முறை.

சிக்ஷா வடக்கினின்று தெற்கே வந்து அடைந்த மாற்றத்தையும், பைதெயா எபிரெயரைச் சார்ந்து அடைந்த மாற்றத்தையும் ஒப்பிடுக. ஒன்றையொன்று கண்டறியாத இருசொற்கள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. ஆதலின் எபிரெயர் நிருபத்திற் சிட்சை எனத் தமிழில் அமைத்தமை தக்கதே என்பது எம் துணிவு. ஆயினும் இன்றைத் தமிழ்க் காதிற்கு அச்சொல்லில் தண்டனை மட்டுமே ஒலிக்கின்றது. மகனைப் பயிற்றி ஆளாக்கும் தந்தையின் செயல் ஒலிப்பதில்லை. துன்புற்றுக் கிடப்பான் ஒருவன் அவ்வதிகாரத்தைப் படித்து, 'ஆண்டவர் என்னைத் தண்டிக்கின்றார்' என்று மட்டும் கொண்டு மனமுடைவானாயின், அது சொல்லின் வரலாற்றை எடுத்துரையாத போதகரின் குறையே என்போம்.

மேனாட்டு மொழிகளிலும் இத்தகையன பல உள. ஆங்கிலத்தில் நன்கொடையைக் குறிக்கும் 'கிஃப்ட்' என்பதை அதே எழுத்துக்களோடு ஜெர்மானியர் நஞ்சிற்கு வழங்குகின்றனர். இரண்டும் கொடுத்தல் என்னும் ஓரடியிற் பிறந்தவை. கொடுக்கப்படும் மருந்தளவு என்னும் பொருள்வழியே ஜெர்மன் சொல் நஞ்சாயிற்று. மணமகளுக்குக் கொடுக்கும் சீர்ப்பொருளைக் குறிக்கும் ஜெர்மன் தொடர்ச்சொல்லில் பழைய பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இதற்கு மாறாக, ஆங்கிலத்தில் நோவைக் குறித்து நிற்கும் 'பெயின்' என்பதன் நான்கெழுத்துக்களே பிரெஞ்சில் ரொட்டியைக் குறிக்கும். முன்னது தண்டனைப் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும், பின்னது அப்பப் பொருளுடைய வேறோர் இலத்தீன் சொல்லினின்றும் வந்தன. நோவுக்கும் அப்பத்திற்கும் தொடர்பு கற்பிக்க முயல்வோர் வீணே உழைப்பர்.

அங்ஙனமாயின் உறவை எதனால் அறிவது? 1816-ஆம் ஆண்டில், காம்பெல் என்பார் இயற்றிய தெலுங்கு இலக்கணத்திற்கு எல்லிஸ் துரை எழுதிய முன்னுரைக் குறிப்பும், 1856-ஆம் ஆண்டில் இடையன்குடிக் கால்டுவெல் ஐயர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் இதற்கு வழிகாட்டின. ஒரு சொல்லின் தோற்றத்தையன்று, பல சொற்களில் ஒரே முறையாக நிகழும் எழுத்து மாற்றத்தையும் இலக்கண அமைப்பையும் நோக்குதல் வேண்டும். தமிழிற் பால், கன்னடத்தில் ஹாலு, பத்து, ஹத்து, பல், ஹல்லு, புலி, ஹுலி. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் காணப்படின் தற்செயல் எனலாம். வரிசையாக வருதலானும், பழங்கன்னடத்தில் இவை பகரத்தோடே வழங்கினமையானும் உறவு உறுதியாகின்றது. செவி, கிவி என்பன கண்ணுக்கு வேறாயினும் உடன்பிறந்தவையே. கால்டுவெல் ஐயர் இம்முறையால் நிறுவிய திராவிட உறவு நிலைத்து நின்றது. திராவிட மொழிகட்கும் சிதிய மொழிகட்கும் அவர் கூறிய உறவைப் பின்னாளைய ஆராய்ச்சியாளர் பொதுவாக ஏற்றிலர்.

கிரேக்கத்திற் கடவுளுக்குத் 'தெயோஸ்', இலத்தீனில் 'தேயுஸ்'. ஓசையும் பொருளும் இத்துணை நெருங்கியும் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளல்ல. இலத்தீன் சொல்லுக்கு உறவு வடமொழித் தேவன் என்பதே.

இவ்வாராய்ச்சியில் யாம் அறிந்தவற்றுள் வியப்பு மிக்கது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. குவின்ஸ்லாந்தின் வடபகுதியில் இம்பபரம் என்னும் பழங்குடி மொழியை 1960-ஆம் ஆண்டையடுத்த காலத்தில் டிக்ஸன் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அம்மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்' என்று அதனைப் பேசிய முதியவர் கூறினர். ஆங்கிலச் சொல்லையே திருப்பிச் சொல்லுகின்றார் என்று ஐயுறத்தக்க நிலை. ஆனால் அண்டை மொழியாகிய யிடினியில் நாய் 'குடக' எனப்படும். இம்பபரத்தில் முதலசை கெடுதலும், ஈற்றுயிர் கெடுதலும், முதற்கண் நின்ற ககரத்தின் சார்பால் அடுத்த அகரம் ஒகரச் சாயல் பெறுதலும் வேறு சொற்களிலும் காணப்படும் முறைகள். அம்முறைகளின்படி 'குடக' என்பது 'டாக்' ஆகாமல் வேறு யாதும் ஆதற்கில்லை. ஆங்கிலேயக் கப்பல் ஒன்றேனும் அக்கரையை அடையாதிருப்பினும் அம்மக்கள் தம் நாயை அப்பெயரிட்டே அழைத்திருப்பர்.