பொம்மைப் படைக்கு ஒரு ஊர் வேண்டும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பத்து விண்வெளி வீரர்கள். வேலை சுத்தம். ஆனால் ஒருவனுக்குச் சிவப்புத் தோள், இன்னொருவனுக்குத் தங்கத் தொப்பி, மூன்றாமவனுக்கு நீலக் கால். பாகூர் பஸ்ஸில் ஏறிய பத்துப் பேர் மாதிரி இருக்கிறார்கள். படை மாதிரி இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

வில்லியனூரில் கொலு பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறவனுக்கு உன் ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். ஆட்டம் தெரியாதுதான். நீ விளையாடும் வார்ஹாமர் 40,000 இங்கிலாந்தில் 1987இல் வந்தது என்பதும், அதற்கு வெகுமுன்பே 1913இல் எச்.ஜி.வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைச் சிப்பாய்களுக்கு விதிப் புத்தகமே எழுதினார் என்பதும் நீ சொல்லிப் படித்ததுதான். ஆனால் 'செட்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

என் முதல் கல்யாண செட்டைச் சொல்கிறேன். மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரக்காரர், சமையல்காரர், பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லாருக்கும் பளபளவென்று பட்டு வண்ணம் கொடுத்தேன். வாங்க வந்த வியாபாரி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இதுல பொண்ணு யாருப்பா?" என்றார். வீட்டுக்குப் போய் இருபது பொம்மைக்கும் மறுபடி வெள்ளை அடித்தேன். அடுத்த முறை அரக்குச் சிவப்பு மணப்பெண்ணுக்கு மட்டும். மற்றவர்களுக்கு வெளுத்த வேட்டி, மங்கிய மஞ்சள். செட் அப்போதுதான் செட் ஆனது.

அதனால் நிறத்துக்கு முன்னால் கதையை முடிவு செய். இவர்கள் எந்த ஊர், எதற்காக வந்தார்கள், யாரிடம் தோற்றார்கள்? நிறுவனம் அச்சடித்துத் தரும் கதையையே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. நீ இருக்கிற பாகூரிலேயே 1752இல் போர் நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், பிரெஞ்சுக்காரர் பக்கம் ஆளுநர் துய்ப்ளேக்சின் உறவினர் கெர்ஜான். துப்பாக்கிமுனைக் கத்தியோடு கைகலக்கும் வரை போய், கெர்ஜான் பிடிபட்டார். எட்டு வருஷம் கழித்து எங்கள் வில்லியனூர்க் கோட்டையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிடித்தார். இரண்டு கொடிகளின் கீழும் நின்று செத்தவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்கள் உண்டு. அவர்களுக்குச் சிலை எங்கே இருக்கிறது? அந்தத் தோற்ற பட்டாளம் வேறு ஏதோ கிரகத்தில், வேறு ஏதோ கம்பெனிக்காக இன்னும் காவல் நிற்கிறது என்று வைத்துக்கொள். தலைக்கவசத்தின் மேல் எம்-சீல் பசையை மெல்லிய கயிறாகத் திரித்துச் சுற்றினால் தலைப்பாகை. சீக்கிரம் இறுகிவிடும், ஒரு தடவைக்கு இரண்டு தலைக்கு மேல் பிசையாதே.

இப்படி ஒரு கதை அகப்பட்டால் நிறம் தானாக வரும். சேற்றுப் பழுப்பு முக்கால் பங்கு, வெளுத்த வெள்ளை கொஞ்சம். காவி ஒரே ஒரு இடத்தில், பத்துப் பேருக்கும் அதே இடத்தில். தலைவனுக்கு மட்டும் அந்தக் காவி தலைப்பாகைக்கு ஏறட்டும். நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளிப் பார். யார் தலைவன் என்று தெரியவில்லையென்றால் எங்கேயோ ஒரு நிறம் அதிகம்.

பீடத்துக்குக் கடையில் விற்கும் மணல் வாங்காதே. பாகூர் ஏரிக்கரை மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து ஈரத்தைப் போக்கி, ஃபெவிகாலில் ஒட்டு. எந்த டப்பா மண்ணுக்கும் அந்த நிறம் வராது.

அடிப்பூச்சு விஷயத்தில் நம் ஊர்க் காற்றை நம்பாதே. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் சொரசொரவென்று தூள் படியும், வெண்மையாய்ப் பூத்தும் போகும். அந்த மாதங்களில் தூரிகையால் பூசு. வெயில் காலத்தில் நேர் எதிர்த் தொல்லை. அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். டிபன்பாக்ஸ் மூடியில் நனைத்த துணி, அதன் மேல் பட்டர் பேப்பர். வண்ணத்தை அதில் வைத்துக் கலக்கு. தண்ணீர் சேர்த்து மெல்லிசாக இரண்டு தடவை பூசு. ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் முகத்து வெட்டெல்லாம் மூடிப்போகும். மண் பொம்மை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், உன் பிளாஸ்டிக் பொறுக்காது.

கண்ணைப் பற்றி மட்டும் நாம் சண்டை போடலாம். எங்களுக்குக் கண் திறப்பது கடைசி வேலை. உடம்பு, உடை, நகை எல்லாம் முடிந்து, கை பதறாத காலை நேரமாகப் பார்த்துத்தான் கண்ணில் கைவைப்போம். உங்களில் பலர் கண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறார்களாம். தப்பினால் சுற்றியுள்ள தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம், கவசத்தில் சிந்தாது என்கிறாய். நியாயம்தான், முகம் குழிக்குள் இருக்கிறது. இருந்தும் ஒரே ஒரு பொம்மைக்கு, தலைவனுக்கு மட்டும், கண்ணைக் கடைசியாகப் போட்டுப் பார்.

இன்னொன்று. உங்கள் ஆட்டக் கணக்கில் இரண்டாயிரம் புள்ளி வரும் முழுப் படையை ஒரே மூச்சில் வாங்கிக் குவிக்காதே. கொலு வைக்கிற வீடுகளில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு புதுப் பொம்மைதான் சேரும்; பாட்டி காலத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் போன வருஷத்தது நிற்கும். உன் கை தேறியதை உன் படையே காட்டட்டும். எங்கள் ஊர்ச் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ வாங்கியது நேற்றுப் பிடித்த மண்ணுக்காக அல்ல.

புரட்டாசியில் வா. கொலுவின் கீழ்ப்படியில், பூங்காவுக்குப் பக்கத்தில், பத்துப் பேர் நிற்க இடம் விட்டு வைக்கிறேன். தங்கத் தொப்பிக்காரனை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்,
வில்லியனூர்