கண்ணீரை விடுங்கள், கணக்கைப் பிடியுங்கள்: மலையகத்தில் ஆவணப்படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு

உடப்புசல்லாவை, ராகலை, அல்கரனோயா பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது போனிலேயே படம் எடுக்கிறார்கள். ஆவணப்படம் செய்யவேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: "ஐயா, நம்ம சனத்தோட கஷ்டத்த உலகத்துக்குக் காட்டணும்." எண்ணம் நல்லதுதான். ஆனால் நம் கஷ்டத்தை உலகம் எப்போதோ பார்த்துவிட்டது. பனி மூடிய மலை, முதுகில் கூடை, வெடித்த விரல், ஒழுகுகிற தகரம். பார்க்கிறது, பாவம் என்கிறது, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறது. பரிதாபப்பட்டவன் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. கணக்குக் கேட்கப்பட்டவன்தான் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

1. துயரத்துக்கு முன்னால் கணக்கைக் கேளுங்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அன்று அங்கே குவிந்த கமராக்கள் சேற்றையும் அழுத முகங்களையும் எடுத்தன. அவை நாலு நாள் ஓடின. கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை அப்புறப்படுத்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கைக் கடிதம் யார் மேசைக்குப் போனது? யார் படித்தார்? மாற்றுக் காணி ஏன் கிடைக்கவில்லை? அழுத தாயின் முகத்தை ஒரு நிமிடம் காட்டுங்கள். கடிதத்தின் திகதியைப் பத்து நிமிடம் காட்டுங்கள்.

சம்பளமும் அப்படித்தான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்றும், 2024இல் 1350 ரூபாய் என்றும் வர்த்தமானியில் வந்தது. "சம்பளம் போதலைங்க" என்று ஓர் அம்மாவைச் சொல்லவைப்பது லேசு. அவருடைய மாதச் சம்பளச் சீட்டை வாங்கி, எத்தனை நாள் முழுப்பேர், எத்தனை நாள் அரைப்பேர், ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்டார்கள், கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள், கடனுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வர்த்தமானியில் இருக்கிற தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் நடுவில்தான் உங்கள் படம் இருக்கிறது.

2. யாருடைய காசு என்று பாருங்கள்

ஆவணப்பட வரலாற்றில் பெரிய பெயர் வாங்கிய ஒரு படம் நம் நாட்டில் எடுத்ததுதான். 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்'. 1935இல் பிரஸ்ஸல்ஸில் பரிசு வாங்கியது. ஒவ்வொரு சட்டகமும் அழகு. கட்டாயம் பாருங்கள், படம் வெட்டி ஒட்டுவது எப்படி என்று அதில் படிக்கலாம். பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. பின்னணியில் கேட்பது 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூல் வாசகம். வாசித்தவர் லயனல் வென்ட். தேயிலைக் காசில் எடுத்த படம், ஆனால் தன் பாட்டைத் தன் வாயால் சொல்லும் தோட்டத் தொழிலாளி ஒருவரும் அதில் இல்லை.

இன்றைக்குத் தேயிலைச் சபையின் இடத்தில் கம்பனி இருக்கலாம், தொண்டு நிறுவனம் இருக்கலாம், யூனியன் இருக்கலாம். காசு வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். பசியோடு படம் எடுக்க முடியாது. காசு கொடுக்கிறவர் எதைக் கேட்கக்கூடாது என்று நினைக்கிறாரோ, அதை முதல் நாளே ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அந்தக் கேள்வி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

3. படத்தில் இருப்பவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள்

1973இல் பிரிட்டனின் கிரானடா தொலைக்காட்சி, 'ஒரு கோப்பைத் தேநீரின் விலை' என்ற பொருளில் ஒரு படம் ஒளிபரப்பியது. பிரிட்டிஷ் கம்பனிகளின் இலங்கைத் தோட்டங்களில் சனங்கள் இருந்த இருப்பை அது வெளியே கொண்டுவந்தது. இங்கே பஞ்சம் கடித்த காலம் அது. பிரிட்டன் மக்கள் தங்கள் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார்கள். கமரா அநியாயத்தை எதிர்க்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். படத்தில் இருந்த சனம் அதைத் தங்கள் வீட்டில் பார்த்திருக்க வழியே இல்லை.

உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. கோவில் முன்றலிலோ பிள்ளைக்காம்பராவிலோ ஒரு வெள்ளைச் சேலையைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். கொழும்பு விழாவுக்கு முன்னால், முகநூலுக்கு முன்னால், அங்கே. "அது நடந்தது சித்திரையில இல்ல, ஆடியில" என்று ஒரு கிழவர் எழும்புவார். "என் மகன் பேர ஏன் சொல்லல?" என்று ஓர் அம்மா கேட்பார். அந்தப் பேச்சையும் பதிவு செய்யுங்கள்; பல நேரம் அதுதான் நல்ல படம். தனித்தனிக் காம்பராக்களில் தனித்தனியாகச் சுமந்ததை எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து பார்க்கும்போது, 'இது என் தலையெழுத்து' என்ற நினைப்பு 'இது நமக்குச் செய்தது' என்று மாறுகிறது. காயம் ஆறுவதற்கு அது தொடக்கம்.

4. அழுகையை வரவழைக்காதீர்கள்

"அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வியை உங்கள் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். "அன்னைக்குக் காலையில என்ன சமைச்சீங்க? பிரட்டுக்கு யார் வந்தாங்க? அப்புறம்?" என்று கேளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்ல, சொல்கிறவரின் கையில் கதை இருக்கும். எங்கே நிறுத்துவது, எங்கே தாண்டுவது என்பதை அவரே தீர்மானிப்பார். அவர் எழும்பி அடுப்படிக்குப் போனால் கமராவோடு பின்னால் போகாதீர்கள்.

ஒப்பாரியைப் படத்துக்காகப் பாடச் சொல்லாதீர்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி எடுப்பது ஆகாது என்று நம் பெண்கள் நினைப்பது சும்மா இல்லை. துக்கத்துக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் உண்டு என்பது அதன் பொருள்.

5. சாமிக்கு முன்னால் கமராவைத் தாழ்த்துங்கள்

படம் எடுத்து நாம்தான் சனங்களை ஆற்றப்போகிறோம் என்று நினைக்காதீர்கள். அவர்கள் தங்களை ஆற்றிக்கொள்ள நமக்கு முன்பே வழி வைத்திருக்கிறார்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவார்கள். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். பிறகு சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான், ரதி புலம்புவாள், தோட்டமே கூடி நிற்கும். கடைசியில் காமன் உயிர்ப்பிக்கப்படுவான். வேஷம் கட்டுகிறவர் விரதம் இருந்து கட்டுகிறார். இங்கே வந்த வழியில் கடலில் போனவர்கள், காட்டுப்பாதையில் விழுந்தவர்கள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்டு 'அழுகைக் கோச்சி' ரயில் ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்கள் என்று வாய்விட்டு அழுது தீராத இழவுகள் நிறைய உள்ள சனம் நாம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து ஒரு சாவை அழுது, ஓர் உயிர்ப்பைப் பார்க்கிறார்கள். எரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுகிறவர் பாதியை விட்டுவிட்டுப் போகிறார். ஊன்றிய நாளிலிருந்து உயிர்ப்பிக்கும் நாள் வரை இருங்கள். இருக்க முடியாவிட்டால் எடுக்காதீர்கள்.

ஸ்டோரில் இருக்கும் ரோதமுனியையும் மலையில் இருக்கும் கவ்வாத்துசாமியையும் வேடிக்கையாகக் காட்டாதீர்கள். யந்திரத்தின் ரோதை கையை இழுத்துக்கொள்ளும், கவ்வாத்துக் கத்தி காலில் பாயும் என்ற பயம் இருந்த இடத்தில்தான் அந்தச் சாமிகள் இருக்கின்றன. கும்பிடுகிறவரிடம் பக்தியைப் பற்றிக் கேளுங்கள். அந்த இடத்தில் யாருக்கு எப்போது அடிபட்டது, நட்டஈடு கிடைத்ததா என்பதையும் கேளுங்கள். இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள்.

அருள் வந்து ஆடுகிறவரின் முகத்தை நெருங்கி எடுக்காதீர்கள். மறுநாள் அவரிடம் காட்டி, வைக்கவா வேண்டாமா என்று கேளுங்கள்.

6. ஒருவரின் வேலை போகாமல் பாருங்கள்

1920களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழையத் துணி வியாபாரியாக வேஷம் போட்டார். அன்றைக்கு மாட்டியிருந்தால் ஆபத்து முதலில் அவருக்கு. இன்றைக்கு நீங்கள் மலையில் ஒளித்து எடுத்தால், மாட்டுவது உங்களோடு பேசிய அக்கா. நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள்; அடுத்த நாள் பிரட்டில் நிற்கவேண்டியது அவர். முகம் வேண்டாம் என்றால் கையை எடுங்கள், குரலை மாற்றுங்கள், பின்னணியில் தெரியும் லயனை மறையுங்கள். வாசல் நிறத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். முதல் நாள் சரி என்றவர் கடைசி நாள் வேண்டாம் என்று சொல்லலாம். அது அவருடைய உரிமை.

7. செத்தவரின் பெயர், இடம், திகதி

1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம், கோவிந்தன்: சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டது. 1977 மே 11, டெவன் தோட்டம், சிவனு லட்சுமணன்: நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக்கொடுக்கப் போனதை எதிர்த்த போராட்டத்தில் சுட்டது. 'ஒரு தொழிலாளி கொல்லப்பட்டார்' என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போகும். பெயரும் திகதியும் இருந்தால் யாராவது ஒரு நாள் கோப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

கடல் தாண்டியும் பாருங்கள். 1999 ஜூலை 23ஆம் திகதி மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தைப் பொலிஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணி ஆற்றில் 17 பேர் செத்தார்கள். பெரும்பாலானோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது விசாரணைக் கமிஷன். அவர்கள் ஏன் ஆற்றில் இறங்கவேண்டி வந்தது என்பதுதான் சனங்களின் கேள்வி. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' அந்தச் சம்பவத்தின் இன்னொரு சாட்சியாக இன்றும் நிற்கிறது. அரசாங்க அறிக்கை ஒன்றே கடைசி வார்த்தையாக இருக்கவிடாமல் செய்வது நம் தொழிலின் பெரிய வேலை.

8. நம்மவர் செய்யும் அநியாயத்தையும் கேளுங்கள்

துரையைக் கேட்பது லேசு. தலைவரை, கங்காணியை, கணவனைக் கேட்பதுதான் கஷ்டம். மலையில் கொழுந்து எடுப்பது பெண். மேலே நின்று விரட்டுவது பெரும்பாலும் ஆண். விடியமுன் எழும்பி ரொட்டி தட்டிவிட்டு மலைக்குப் போகிறவரின் சம்பளம் எந்தக் கையில் முடிகிறது, எவ்வளவு தவறணைக்குப் போகிறது? சந்தாக் காசு வாங்கும் யூனியன் அவருக்காக எப்போது பேசியது? எந்த லயனில் யார் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள்? இதையெல்லாம் மறைத்துவிட்டுக் கம்பனியை மட்டும் திட்டினால், அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுவார். துரையிடமும் அதே மரியாதையோடு கேளுங்கள். அவர் மறுத்தால், மறுத்த திகதியைப் படத்தில் போடுங்கள்.

9. பேச்சைத் திருத்தாதீர்கள்

கொழுந்து, பிரட்டு, காம்பரா, செக்ரோல், கைக்காசு: இவை இந்தச் சனம் உழைத்துச் செய்த சொற்கள். யாழ்ப்பாணத்துக்காகவோ சென்னைக்காகவோ அவற்றைக் கழுவாதீர்கள். புரியாதவருக்கு எழுத்து ஓடவிடுங்கள்.

10. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்

மற்றவரின் இழவைத் திரும்பத் திரும்ப வெட்டுமேசையில் கேட்பவருக்கு நித்திரை கெடும். தனியாக இருந்து வெட்டாதீர்கள். கும்பிடுகிறவர் கும்பிடுங்கள், தப்பு அடிக்கிறவர் அடியுங்கள், பந்து விளையாடுகிறவர் விளையாடுங்கள். முடியாமல் போனால் மருத்துவரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

11. எடுத்ததைக் காப்பாற்றுங்கள்

நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு காலத்தில் உடப்புசல்லாவை ரயில்பாதை என்று ஒரு சிறு பாதை ஓடியது. 1940களில் மூடிவிட்டார்கள். அதில் பயணம் செய்தவர்களின் வாய்மொழி எதுவும் பதிவாகியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கேட்க இனி ஆட்களும் அநேகமாக இல்லை. படத்தில் சேர்க்காத காட்சிகளையும் எறியாதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். யார், எங்கே, எப்போது என்று எழுதி வையுங்கள். பேசியவரின் குடும்பத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயன் வரிசையொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், ஒரு பழைய சீட்டுக்கூட எவ்வளவு பேசும் என்று தெரியும்.

12. வீட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல் படத்துக்குக் கதை தேடி அலையவேண்டாம். அம்மாயியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட பிறகு நம் வீடுகளில் கடதாசிகள் சேரத் தொடங்கின. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டன: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதன் பிறகும் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல் ஒரு சட்டம் வந்தது. விண்ணப்பம், நிராகரிப்பு, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்று அந்தப் பெட்டியில் இருக்கும். அதில் கைநாட்டு வைத்தவருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் வாசித்துக் காட்டாமல் இருந்திருக்கலாம். கமராவைப் பக்கத்தில் வைத்துவிட்டு முதலில் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்திட்ட அதிகாரியின் பதவியும் திகதியும் எங்கே இருக்கின்றன என்று காட்டுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியோடு கச்சேரிக்குப் போங்கள். அப்போது கமராவைத் திறவுங்கள்.