நஞ்சைக் காட்டும் ஒளி

ஸ்பெயின் நாட்டின் வாலன்சியாப் பகுதியில் விளையும் ஆரஞ்சுப் பழங்கள் தொலைநாடுகளுக்குச் செல்கின்றன. வழியிலேயே பச்சைப் பூஞ்சணமும் நீலப் பூஞ்சணமும் அவற்றைப் பற்றக்கூடும். பெட்டியில் ஒரு பழம் அழுகினால் அதன் நுண்வித்துகள் ஏனைய பழங்களின்மேலும் படியும். இக்கேட்டைத் தடுக்கப் பழத்தோலில் தயாபெண்டசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி பூசப்படுவதுண்டு. அம்மருந்து பழத்தைக் காக்கிறது. ஆயினும் அதன் எச்சம் தோலில் தங்கிவிடுகிறது. ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகிலிட்டு உண்போரும் உளர் அன்றோ? மருந்து கலந்த நீர் ஓடையிற் சேர்ந்தால் அங்கு வாழும் உயிர்களுக்கும் தீங்கு விளையும்.

ஆதலின் எஞ்சிய மருந்தை அளந்தறிதல் இன்றியமையாததாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் இத்தகைய மருந்து எதுவும் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அஃதாவது, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு! இதனை நிறுத்தறியத் தராசு உதவாது; ஒளி உதவும்.

1852-ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தாற் பிரித்து, ஊதாவுக்கு அப்பாலுள்ள இருண்ட பகுதியிற் கொய்னாக் கரைசல் நிறைந்த குழாயை வைத்தார். கரைசல் நீலமாய் ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிரை ஏற்ற அப்பொருள், அதன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, எஞ்சியதை அலைநீளம் மிகுந்த ஒளியாக உமிழ்ந்தது.

தயாபெண்டசோலுக்கும் இவ்வியல்பு உண்டு. அது ஏறத்தாழ 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை ஏற்று, ஏறத்தாழ 350 நானோமீட்டர் ஒளியை உமிழ்கிறது. இவ்வொளியும் புற ஊதாவே. எனவே கண் அதனைக் காணாது, கருவியே காணும். நீர்த்த கரைசலில் மருந்து இருமடங்காயின் ஒளியும் இருமடங்காகும். அளவு தெரிந்த கரைசல்களின் ஒளியோடு ஒப்பிட்டால் தெரியாத அளவும் விளங்கிவிடும்.

ஆனால் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆரஞ்சுத் தோலில் இயல்பாக உள்ள பொருள்கள் சிலவும் ஒளிர்கின்றன. மருந்தின் ஒளி எது, தோலின் ஒளி எது? இதனைத் தெளியத் தோலின் சாற்றை நுண்மணிகள் செறிந்த குழாய் வழியே செலுத்துவர். ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருதலால் மருந்து தனித்து அகப்படும். நீரிலோ இடர் வேறு. ஆங்கு மருந்து மிகச் சிறிதே இருக்கும். ஆகவே மிகுதியான நீரை அத்தகைய மணிகளின் வழியே செலுத்தி, அவை பற்றிக்கொண்ட மருந்தைச் சிறிதளவு மெத்தனாலில் கரைத்தெடுத்த பின்னரே ஒளியை அளப்பர்.

தாமாக ஒளிராத பூஞ்சைக்கொல்லிகளும் உள்ளன. அவற்றுட் சிலவற்றை வேறொரு பொருளோடு வினைபுரியச் செய்து ஒளிரவைப்பர். ஏனையவற்றை மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவிகொண்டு கண்டறிவர்.